புரச மரத்து இலைகள்

மயிலாப்பூர்
6-10-2025

சௌபாக்யவதி ஹம்சினிக்கு,

மாமனார் ஸ்ரீரங்கன் அநேக ஆசீர்வாதம். முழங்காலைத் தவிர மற்றபடி நான் சௌக்கியம். அடையாறில் புது வீடு எப்படி இருக்கிறது? தண்ணீர் ஒழுங்காக வருகிறதா, கொசு உண்டா, எல்லாம் விவரமாக எழுது.

ஐந்து கிலோமீட்டருக்குக் கடிதமா என்று சிரிக்காதே. போன வாரம் போனில் பேசினோமே, என்ன ஆயிற்று? நீ "சாப்டேளா அப்பா" என்றாய். நான் "ஆச்சும்மா" என்றேன். அதற்குள் பரத்வாஜ் நடுவில் வந்துவிட்டான். நீ அந்தப் பக்கம் அழுதாய். நான் இந்தப் பக்கம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெள்ளத்தில் என் பிள்ளை காணாமல் போனதிலிருந்து, இந்த இரண்டு வருஷமாக, நமக்குப் பேச்சு என்றால் இதுதான்.

அதனால் ஒரு யோசனை. நீ காலேஜில் தாவரவியல் சொல்லித் தருகிறவள். நானோ ரிடையர் ஆனபின் பார்க் நண்பர்களோடு சேர்ந்து ஹைக்கூ பைத்தியம் பிடித்தவன். நம் ஊருக்கு இலையுதிர்காலமே கிடையாது என்கிறார்கள். ஏன் கிடையாது? ஐப்பசி கார்த்திகையில் இங்கே இலைக்குப் பதில் பூ உதிர்கிறது. ஒரு கடிதத்துக்கு ஒரு பூ, அதைப் பற்றி ஜனங்கள் சொல்லும் கதை, மூன்று வரி. அவனைப் பற்றி மட்டும் எழுதக்கூடாது. இதுதான் சட்டம்.

முதல் போணி பவழமல்லி. மற்ற பூவெல்லாம் தரையில் விழுந்தால் பெருமாளுக்கு ஆகாது. இதை மட்டும் கிளையிலிருந்து பறிக்கக்கூடாதாம், விழுந்ததைப் பொறுக்கித்தான் சாத்த வேண்டுமாம். குனிய முடியாதவனுக்கு என்று பார்த்து விதித்திருக்கிறார்கள்.

விடியுமுன்
கிளை கைவிட்டது.
தரை மணக்கிறது.

ஆசீர்வாதங்களுடன்,
ஸ்ரீரங்கன்

*

அடையாறு
13-10-2025

அப்பாவுக்கு ஹம்சினி அநேக நமஸ்காரம்.

நான் நலம். தண்ணீர் வருகிறது. கொசுவுக்கும் குறைவில்லை. முழங்காலுக்கு எண்ணெய் தடவச் சொன்னேனே, தடவுகிறீர்களா, இல்லை பாட்டிலைப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறீர்களா?

உங்கள் சட்டத்தை முதலில் மீறியவர் நீங்கள்தான். சட்டம் போடுவதற்கு முந்தின பாராவிலேயே அவர் வந்துவிட்டார். போகட்டும்.

என் பங்குக்கு ஏழிலைப்பாலை. எங்கள் தெருமுனையில் ஒன்று இருக்கிறது. சாயங்காலம் ஆனால் அந்த வாசனை தலையைப் பிடித்து ஆட்டுகிறது. பக்கத்து வீட்டு குல்சும் ஆன்ட்டி, "ஜன்னலை மூடும்மா, அந்த மரத்துல என்னென்னமோ கீதுன்னு சொல்லுவாங்க" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அதன் லத்தீன் பெயருக்கே பள்ளிக்கூட மரம் என்றுதான் அர்த்தம். அந்தக் காலத்தில் பிள்ளைகள் எழுதும் பலகையை இதில்தான் செய்தார்களாம். பேய்க்கும் வாத்தியாருக்கும் ஒரே வீடு.

பேய்மரம் என்றார்கள்.
அடியில் தூங்கும்
ஆட்டோவும் ஓட்டுநரும்.

உங்கள் பவழமல்லி நன்றாக இருக்கிறது. பார்க் நண்பர்கள் சொல்வதைக் கேட்டு ஒரு சொல்லையும் மாற்றாதீர்கள்.

நமஸ்காரங்களுடன்,
ஹம்சினி

*

மயிலாப்பூர்
28-10-2025

சௌபாக்யவதி ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம்.

தாமதத்துக்கு மன்னிக்கவும். தீபாவளி வந்தது, போயிற்று. நம் அகத்தில் என்ன தீபாவளி. எதிர் ஃப்ளாட் சாய்மா ஒரு டப்பா நிறைய பாதுஷா கொண்டுவந்து கொடுத்தாள். சர்க்கரைக்கு ஆகாது என்று தெரிந்தும் மூன்று தின்றேன்.

மரமல்லியைப் பார்த்தாயா? குளத்தைச் சுற்றி நடக்கும் வழியில் ஒன்று. ஊசி இல்லாமலே ஒன்றின் காம்புக்குள் இன்னொன்றை நுழைத்து மாலை கட்டிவிடலாம்.

நீளக் காம்பு மரமல்லி.
மேலே இருந்தபோது
தெரியவே இல்லை.

சட்டத்தை மீறுகிறேன், கோபிக்காதே. தீபாவளிக்கு மறுநாள் திருவண்ணாமலைக்குப் போயிருந்தேன். பார்க்கில் ஒருவர் அங்கே கிரிவலப் பாதையில் பரத்வாஜ் மாதிரி ஒரு பையன் தாடியோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகச் சொன்னார். நெற்றியில் அவனுக்கு இருக்கிற மாதிரியே தழும்புகூட இருந்ததாம். போய்ப் பார்த்தேன். தழும்பு இருந்தது. பேசினால் தெலுங்கு பேசினான். எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து பஸ் ஸ்டாண்ட் வரை கொண்டுவந்து விட்டான். நல்ல பையன்.

ஆனால் பார், பரத்வாஜும் இப்படித்தான் எங்கேயோ உட்கார்ந்திருப்பான். தலையில் அடிபட்டு ஞாபகம் தப்பியிருக்கலாம். பேப்பரில் எத்தனை படிக்கிறோம்.

தீர்க்க சுமங்கலியாக இரு.
ஸ்ரீரங்கன்

*

அடையாறு
6-11-2025

அப்பாவுக்கு நமஸ்காரம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். தனியாக பஸ் ஏறி அவ்வளவு தூரம் போகாதீர்கள்.

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன்.

அன்றைக்கு வேளச்சேரியிலிருந்து அவர் கடைசியாகப் பேசியது என்னிடம். "தண்ணி இடுப்பு வரைக்கும் வந்துடுத்து ஹம்சி, வண்டிய தள்ளிண்டே வரேன், நீ காப்பி போட்டு வை" என்றார். வண்டி கால்வாயில் கிடைத்தது. பை கிடைத்தது. அந்தக் கால்வாய் எங்கே போய்ச் சேருகிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் இல்லை அப்பா. எந்த ஊரிலும் இல்லை. நீங்கள் கடிதத்துக்குக் கடிதம் என்னைச் சௌபாக்யவதி என்கிறீர்கள், தீர்க்க சுமங்கலி என்கிறீர்கள். அந்த இடம் வந்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிடுகிறேன்.

கோயம்புத்தூரில் ஒரு தாவரத் தோட்டத்தில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. தை பிறந்ததும் வரச் சொல்கிறார்கள். போக ஆசைதான். ஆனால் அவரை இப்படி அந்தரத்தில் விட்டுவிட்டு என்னால் ரயில் ஏற முடியவில்லை.

உடம்பு கிடைக்காதவர்களுக்குப் புரச இலையால் ஓர் உடம்பு செய்து தகனம் பண்ணுவார்கள் என்று படித்திருக்கிறேன். தலைக்குத் தேங்காய், கைக்கு இத்தனை இலை, மார்புக்கு இத்தனை இலை என்று கணக்கு உண்டாம். அதைச் செய்யலாம் அப்பா. எங்களுக்குக் குழந்தை இல்லாததால் நீங்கள்தான் செய்ய வேண்டும்.

பூக்காத மாதத்தில் புரசு.
யாரும்
பெயர் கேட்பதில்லை.

ஹம்சினி

*

மயிலாப்பூர்
10-11-2025

ஹம்சினிக்கு,

கடிதம் கிடைத்தது. உயிரோடு இருக்கிற பிள்ளைக்குக் கொள்ளி வைக்கச் சொல்கிறாய். நீ படித்தவள், உனக்கு அது சுலபமாக இருக்கலாம்.

பூ எதுவும் இல்லை. மழை.

ஸ்ரீரங்கன்

*

அடையாறு
23-11-2025

அப்பாவுக்கு நமஸ்காரம்.

உங்கள் கோபம் நியாயம். நான் சொன்னதைத் திரும்பப் பெற மாட்டேன். அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூவைப் பற்றி எழுதுகிறேன்.

நேற்று மயிலாப்பூர் வந்திருந்தேன். உங்களைப் பார்க்க வரத் தைரியம் வரவில்லை. கோயிலுக்குப் போய்ப் புன்னையடியில் நின்றேன். அதன் கொட்டையிலிருந்து விளக்கேற்ற எண்ணெய் எடுத்தார்கள், படகுக்கு மரம் எடுத்தார்கள், கடற்கரை ஊர் என்றால் புன்னைதான் என்று பிள்ளைகளுக்கு வகுப்பில் சொல்வேன். கடல் உப்பைக்கூடத் தாங்கும் மரம்.

மழை விட்டும்
புன்னையடியில் மட்டும்
வெள்ளைத் தூறல்.

சாப்பாடு ஒழுங்காக நடக்கிறதா? சமையல்காரி லீவு போட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். போன் வேண்டாம், இரண்டு வரி எழுதினால் போதும்.

ஹம்சினி

*

மயிலாப்பூர்
5-12-2025

சௌபாக்யவதி ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம். நான் சௌக்கியம். அன்று கோபத்தில் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதே.

உன் மாமியாரின் திதிக்கு வாத்யார் அச்யுத் வந்திருந்தான். பழைய வாத்யார் அனந்தராமனின் பிள்ளை. ஸ்கூட்டரில் வருகிறான், ஆனாலும் மந்திரத்தை முழுங்குவதில்லை. சாப்பிட்டு உட்கார்ந்தபின் அவனிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். காணாமல் போனவனுக்குக் காரியம் பண்ணாவிட்டால் என்ன ஆகும்?

அவன் தட்சிணையை எடுத்துப் பையில் வைத்தான். பிறகு, "மாமா, போயிட்டவாளா இருந்தா, உடம்பும் இல்லாம லோகமும் கிடைக்காம அலைவா. பசிகூடத் தாங்கிப்பாளாம். தாகம்தான் தாங்காதுன்னு அப்பா சொல்லுவார்" என்றான்.

அன்றிலிருந்து டம்ளரை வாய்க்கிட்டே கொண்டுபோனால் தண்ணீர் இறங்கவில்லை ஹம்சினி. அவன் தண்ணீரில் போனவன் என்கிறாய். போயும் தண்ணீருக்கு அலைகிறானா? உயிரோடு இருந்தால் எங்கேயோ யாரோ ஒரு வாய் கொடுப்பார்கள். இல்லாவிட்டால் நான்தானே கொடுக்க வேண்டும். அப்பன் நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பிள்ளை தொண்டை வறண்டு நிற்பதா?

செய்துவிடலாம். நாள் பார்த்துச் சொல்லியிருக்கிறான். அவனுக்கும் இது முதல் தடவையாம். காம்போடு பசும் இலையாக வேண்டும், கடையில் கிடைக்காது என்றான். நீ கொண்டுவருகிறேன் என்று கிளம்பாதே. பெண்டாட்டி இலை பறிப்பதை என்னால் பார்க்க முடியாது. எனக்கு ஒரு புரச மரம் தெரியும். என் பிள்ளை, நானே பறிக்கிறேன்.

இந்தத் தடவை பூ இல்லை. மன்னித்துக்கொள்.

ஸ்ரீரங்கன்

*

மயிலாப்பூர்
28-12-2025

அன்புள்ள ஹம்சினிக்கு ஆசீர்வாதம்.

மிச்சக் காரியங்களும் முடிந்தன. அன்று தகனம் ஆனபின் நீ ஒரு வார்த்தையும் பேசாமல் ஆட்டோ ஏறிப் போனாய். நானும் பேசவில்லை. அதுவே சரி.

மனசு லேசாக இருக்கிறது. ஏன் என்று கேட்காதே. ராத்திரி தூங்குகிறேன், விடியற்காலை திருப்பாவை ஸ்பீக்கர் எழுப்பும்வரை. எழுந்து ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறேன்.

கீழ் ஃப்ளாட்டில் தொட்டி தொட்டியாக டிசம்பர் பூ. அந்த அம்மாள் தலை நிறைய வைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போகிறாள்.

டிசம்பர் பூ.
மணம் இல்லை என்று
யார் குறை சொன்னது?

கோயம்புத்தூருக்குக் கம்பளி எடுத்துக்கொள். அங்கே தையில் குளிரும்.

ஸ்ரீரங்கன்

*

அடையாறு
5-1-2026

என் அருமை அப்பாவுக்கு அநேக நமஸ்காரம்.

உங்கள் கடிதத்தைப் படித்து ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன். "ஏன் என்று கேட்காதே" என்று எழுதியிருக்கிறீர்கள். கேட்க மாட்டேன் அப்பா. எனக்குத்தான் தெரியுமே.

அச்யுத் தர்ப்பையைப் பரப்பி, அதன்மேல் நீங்கள் கொண்டுவந்த இலைகளைத் தேங்காய்க்குக் கீழே ஒவ்வொன்றாக அடுக்கினானே, அப்போதே பார்த்துவிட்டேன். அது புரசு இல்லை. புரச இலை தோல் மாதிரி தடிப்பாக இருக்கும், நுனி மழுங்கல். இது மெத்தென்று, நுனி கூராக இருந்தது. கல்யாண முருங்கை. இரண்டுக்கும் காம்புக்கு மூன்று இலை, மாசியில் இரண்டும் மொட்டைக் கிளையில் சிவப்பாகப் பூக்கும், அதனால் எல்லோரும் ஏமாறுவார்கள். ஆனால் நீங்கள் ஏமாற மாட்டீர்கள். கல்யாணமான புதிதில் நாம் மூவரும் பக்கிங்காம் கால்வாய்க் கரையோரமாக நடந்தபோது, சிவப்பாக நின்ற அந்த மரத்தைப் பார்த்து நீங்கள் "புரசு" என்றீர்கள். நான் "இல்லப்பா, கல்யாண முருங்கை" என்று முள்ளைத் தொட்டுக்கூடக் காட்டினேன். "ஓகோ" என்றீர்கள். அந்த மரத்து இலையைத்தானே பறித்துவந்தீர்கள்?

எனக்காகக் காரியத்தைச் செய்தீர்கள். உங்களுக்காக அது செல்லாதபடியும் பார்த்துக்கொண்டீர்கள். நான் ஊருக்குக் கிளம்பலாம், உங்கள் பிள்ளை உங்களுக்கு இருக்கலாம். அன்று நீங்கள் என்னை நிமிர்ந்து பார்க்காதபோதே புரிந்துகொண்டேன். வாயைத் திறக்கவில்லை. நெருப்பு எரிந்தது, நான் கைகூப்பினேன். இவ்வளவு பெரிய தந்திரம் என் மாமனாருக்கு வரும் என்று நினைக்கவே இல்லை. உங்கள்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் எப்போதும் வந்ததில்லை.

இந்த மாதத்துப் பூ:

சாணி உருண்டைமேல்
மகாராணி.
பூசணிப்பூ.

மாதக் கடைசியில் கிளம்புகிறேன். அதற்குள் ஒரு நாள் வந்து உங்களோடு சாப்பிடுகிறேன்.

உங்கள் பெண்,
ஹம்சினி

*

மயிலாப்பூர்
24-1-2026

சௌபாக்யவதி ஹம்சினிக்கு அநேக ஆசீர்வாதம். நான் சௌக்கியம் என்று எழுத வரவில்லை. நீ சௌக்கியமாக இரு.

உன் கடிதம் வந்த அன்றிலிருந்து பதில் எழுத உட்காருவதும் எழுந்துபோவதுமாக இருக்கிறேன். நீ ஒரு நாள் வந்து மணி அடித்தாய், தெரியும். உள்ளேதான் இருந்தேன். திறக்க முடியவில்லை.

எனக்குத் தெரியாது அம்மா. அதைப் புரசு என்று நினைத்துத்தான் பறித்தேன். முள் கையில் கிழித்தது, புரசுக்கு முள் ஏது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்குக் கால்வாய்க் கரையில் நீ சொன்னாய் என்கிறாய். சொல்லியிருப்பாய், நானும் ஓகோ என்றிருப்பேன். நான் மரத்தைக் கவனிக்கவே இல்லை. ரோட்டைக் கடக்கும்போது அவன் உன் கையைப் பிடித்துக்கொண்டான், அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மரத்தின் பெயர் எனக்குப் புரசு என்றே நின்றுவிட்டது.

தகனத்தன்று நான் உன்னை நிமிர்ந்து பார்க்காததற்கு வேறு காரணம் இல்லை. அழுதுவிடுவேன் என்று பயம்.

அவனை அனுப்பிவிட்டேன் என்று நினைத்தேன் ஹம்சினி. நிஜமாகவே நினைத்தேன். வாய் நிறைய தண்ணீர் குடித்தேன். அலமாரியிலிருந்த அவன் சட்டைகளை எல்லாம் வாட்ச்மேனுக்குக் கொடுத்தேன். அவன் படத்துக்கு மாலை போட்டேன். உன் கடிதம் வந்த மத்தியானம் மாலையைக் கழற்றினேன். சட்டையைத் திருப்பிக் கேட்கப் போனேன், வாட்ச்மேன் அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றான். கேட்காமல் வந்துவிட்டேன்.

அச்யுத்திடம் சொன்னேன். முகம் வெளுத்துப்போயிற்று. "தப்பு என் பேர்லதான் மாமா, இன்னொரு தடவை சரியா பண்ணிடலாம், இலைய நானே கொண்டு வரேன்" என்றான். நீயும் அதைத்தான் சொல்வாய். சொல்லாதே. ஒரே பிள்ளைக்கு இரண்டு தடவை கொள்ளி வைக்க எனக்குக் கையில்லை.

ஆகவே அவன் போகவில்லை. எங்கேயோ நிற்கிறான். செத்து நிற்கிறானா, உயிரோடு நிற்கிறானா என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. யோசிக்காவிட்டால் தூக்கம் இல்லை. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ என்னைப் புத்திசாலி என்று நினைத்துவிட்டாய், அவ்வளவுதான். பூக்கடிதம் மட்டும் இனி வேண்டாம். எந்த மரத்தைப் பார்த்தாலும் இது அதுதானா என்று சந்தேகம் வருகிறது.

வியாழக்கிழமை காசிக்கு ரயில் ஏறுகிறேன். படித்துறைகளில் ஊர் பேர் தெரியாமல் நிறையப் பேர் உட்கார்ந்திருப்பார்களாம். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட வேண்டும். அங்கே இல்லாவிட்டால் ஹரித்துவார், அப்புறம் பூரி. எத்தனை நாள் ஆகும் என்று தெரியவில்லை.

ஒன்று கேட்கிறேன், இல்லை என்று சொல்லாதே. உன் அடையாறு வீடு அவனுக்குத் தெரியாது, நீ குடிபோனது அவன் போனபிறகு. கோயம்புத்தூர் அவனுக்கு எங்கே தெரியும்? வந்தால் மயிலாப்பூருக்குத்தான் வருவான். நான் வருகிறவரை நீ இங்கே வந்து இரு. சாவியைச் சாய்மாவிடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தோட்டத்துக்காரர்களுக்கு எழுதி வேலையைத் தள்ளிப்போடச் சொல், முடியாது என்றால் விட்டுவிடு. யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டும் அல்லவா?

ஆசீர்வாதங்களுடன்,
ஸ்ரீரங்கன்